தெரியாமைக்கு ஓர் உரிமம்

இந்த விவரத்தை நான் பல வருடங்களாகச் சந்தேகித்து வருகிறேன். ஆனால் சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். ஐம்பதைத் தாண்டிய பிறகு, இழுத்துப் பார்த்தேனா என்பதிலும் சந்தேகம் வந்துவிட்டது. ஆகவே என் சந்தேகத்தை மட்டும் நம்பி யாரும் இந்தக் கதையைத் தள்ளிவிட வேண்டாம்.

சொன்னவர் என் தங்கையின் கணவர். மாவட்டக் கல்வி அலுவலகத்தில், ஆசிரியர் தகுதி அறிக்கைப் பிரிவில் கண்காணிப்பாளர். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், சாப்பிட்டுக் கை கழுவியதும், துண்டில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே ஆரம்பிப்பார். சிரிக்காமல் சொல்வார். நாங்கள் சிரித்தால், எதற்குச் சிரிக்கிறோம் என்று புரியாதவர்போல நிறுத்தி எங்களைப் பார்ப்பார். சில்லறை விவரங்கள் ஒவ்வொரு தடவையும் மாறும். கதையில் வருகிற ஓர் அதிகாரி அம்மாவின் துணிப்பை ஒரு தடவை பச்சை, அடுத்த தடவை நீலம். கதையின் எலும்பு மட்டும் மாறியதே இல்லை. அதுதான் என்னை உறுத்தியது.

விஷயம் இதுதான்.

மாணவர்களின் ஒளிமயமான எதிர்காலத்தைக் கருத்தில் கொண்டு, ஒவ்வொரு வகுப்பறையிலும் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறவர் அங்கே நிற்பதற்குரிய தகுதியும் உரிமமும் பெற்றவர்தானா என்பதைப் பள்ளிகள் வருடந்தோறும் மாவட்டத்துக்கு அறிக்கையாக அனுப்ப வேண்டும். மாவட்டம் அதைக் கூட்டிக் கழித்து மேலே அனுப்பும். மேலே இருப்பவர்கள், பெற்றுக்கொண்டோம் என்று கீழே அனுப்புவார்கள். நிற்கிறவர் என்ன சொல்லிக்கொடுக்கிறார், பிள்ளைகளுக்கு அது புரிகிறதா என்பதைப் பற்றி அறிக்கையில் கேள்வி கிடையாது. அதைக் கேட்பதற்கென்று முன்பு ஒரு தனிப் பிரிவு இருந்ததாம். அதில் வேலை பார்த்தவர்களுக்கு உரிய தகுதி இல்லை என்று தெரியவந்ததால் மூடிவிட்டார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு விதி கூர்மையானது. உரிய தகுதி இல்லாத ஒருவர் ஒரு வகுப்புக்குத் தொடர்ந்து நான்கு வாரம் பாடம் எடுத்துவிட்டால், அந்த வகுப்புப் பெற்றோர் அனைவருக்கும் அதைத் தெரிவித்தாக வேண்டும். பக்கத்துப் பள்ளி ஒன்று அப்படித் தெரிவித்தது. "தங்கள் பிள்ளைக்குத் தகுதியற்ற ஆசிரியர் ஒருவர் நான்கு வாரங்களாகப் பாடம் நடத்தி வருகிறார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்." பெற்றோருக்கு எது எழுதினாலும் மகிழ்ச்சியுடன்தான் எழுத வேண்டும் என்று இன்னொரு விதி இருந்தது. முந்தின வாரம் வரை அந்த ஆசிரியரை வாயாரப் புகழ்ந்துகொண்டிருந்த பெற்றோர்கள் மறுநாள் பள்ளி வாசலில் கூடிவிட்டார்கள். இரண்டு பேர் பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டார்களாம், பழுது பார்க்கக் கொடுத்த சாமானைக் கடையில் திருப்பிக் கேட்கிற மாதிரி.

நம் கதையின் பள்ளியில் கணக்கு டீச்சர் என்று ஒருவர் இருந்தார். பள்ளி முழுவதும் அவரை அப்படித்தான் அழைக்கும். பள்ளியிறுதி வகுப்புப் பிள்ளைகளைக் கீழ் வகுப்பிலிருந்தே கையோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வகுத்தல் கணக்கைக் கண்டால் வயிற்றுவலி என்று எழுந்து போகிற பிள்ளைகள், இப்போது உணவு இடைவேளையில் அவர் மேசையைச் சுற்றி நின்று சண்டை போட்டார்கள், யார் வழி குறுக்கு வழி என்று. இந்தப் பிள்ளைகளைப் பரீட்சை வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அந்த அம்மாளுக்கு அப்போது வாழ்க்கையில் இருந்த ஆசை. குறை ஒன்றே ஒன்று. அவர் படித்த பட்டம் இயற்பியலில்.

தலைமையாசிரியர் அவரை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"டீச்சர், நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"பிசிக்ஸ், சார். உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியும். அறிக்கைக்குத் தெரியக் கூடாது."

"இத்தனை வருஷமா தெரியலையே சார்."

"இத்தனை வருஷமா அறிக்கையை நான் எழுதினேன். இப்ப கம்ப்யூட்டர் எழுதுது. அதுக்கு இங்கிதம் பத்தாது."

டீச்சர் வகுப்பை என்னிடமிருந்து எடுத்துவிடுவீர்களா என்று மட்டும் கேட்டார். தலைமையாசிரியர் நல்ல மனிதர். அதாவது, எந்த முடிவையும் தானாக எடுக்காதவர். மாவட்ட அலுவலகத்துக்கு, என் மாப்பிள்ளைக்கு, போன் போட்டார்.

மாப்பிள்ளை விதியை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தார். தொடர்ந்து நான்கு வாரம் என்றுதான் விதி சொல்கிறது. நான்காம் வாரத்தின் கடைசி நாளில் தகுதியுள்ள ஒருவர் அந்த வகுப்புக்குள் போய் நின்றுவிட்டால் தொடர்ச்சி அறுந்துவிடும். அறுந்தால் மறுபடி முதலிலிருந்து எண்ணலாம். இப்படி அறுத்து அறுத்துக் கொண்டுபோனால் பரீட்சையே வந்துவிடும். காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிடலாம் என்றார்.

தகுதியுள்ளவருக்கு எங்கே போவது என்று தேடியதில், பள்ளிக்குள்ளேயே ஒருவர் அகப்பட்டார். விளையாட்டு ஆசிரியர். எப்போதும் கழுத்தில் விசில் தொங்குவதால் பிள்ளைகள் அவரை விசில் சார் என்பார்கள். அவர் வேலைக்குச் சேர்ந்த வருடம் மாவட்டத்தில் கணித ஆசிரியர் பற்றாக்குறை. அந்தப் பற்றாக்குறையைத் தீர்க்க, அவ்வருடம் சேர்ந்த அத்தனை பேருக்கும் ஒரே ஆணையில் கணித உரிமம் வழங்கிவிட்டார்கள். பற்றாக்குறை மாலைக்குள் தீர்ந்தது. விசில் சாரின் உரிமம் இன்றுவரை உயிரோடு இருந்தது. கணக்குக்குப் பயந்துதான் அவர் மைதானத்துக்கே போனார் என்பது வேறு விஷயம். கால்பந்து ஆட்டத்தில் யாருக்கு எத்தனை கோல் என்பதைக்கூட ஒரு மாணவியைக் கூப்பிட்டுத்தான் சொல்லச் சொல்வார்.

விசில் சார் முதல் தடவை வகுப்புக்குள் போன நாளை மாப்பிள்ளை விவரிக்கும்போது, எனக்கு அந்த மனிதர் மேல் இரக்கம் வந்துவிடும். கரும்பலகையில் முந்தின நாள் கணக்கு பாதியில் நின்றது. அழித்துவிடலாம் என்று டஸ்டரை எடுத்தார். பிள்ளைகள் வேண்டாம் என்றார்கள். அப்படியானால் யாராவது வந்து முடியுங்கள் என்று சொல்லிவிட்டு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு பெண் போய் முடித்தாள். மணி அடிக்க நிறைய நேரம் இருந்தது. என்ன பண்ணினாய் என்று கேட்டார். சொன்னாள். புரியவில்லை என்றார். திரும்பச் சொன்னாள். அப்போதும் புரியவில்லை. வேறு ஒரு பையன் எழுந்து, அவள் சொல்கிற விதம் சரியில்லை என்று தன் விதத்தில் சொன்னான். அதுவும் புரியவில்லை. வகுப்பே எழுந்து ஆளுக்கொரு விதமாக விளக்கியது. விசில் சார் வியர்த்துப்போய், புரியவில்லை புரியவில்லை என்று உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து மாவட்டக் கல்வி அதிகாரி உள்ளே வந்தார்.

அதிகாரி அம்மா அப்போதுதான் கடல் கடந்த ஊர் ஒன்றில் நடந்த கல்விக் கருத்தரங்கிலிருந்து திரும்பியிருந்தார். அங்கே கொடுத்த துணிப்பையைத் தோளிலிருந்து இன்னும் இறக்கவில்லை. கருத்தரங்கில் ஒரு பெரியவர், ஆசிரியருக்குத் தெரிந்திருப்பதுதான் மாணவருக்குத் தடை என்று பேசினாராம். அந்த வாக்கியம் அதிகாரி அம்மாவின் மனதில் விதைபோல விழுந்து, விமானத்திலேயே முளைவிட்டு, எங்கே நடலாம் என்று இடம் தேடிக்கொண்டிருந்தது. வகுப்பறையைப் பார்த்தார். கரும்பலகை முன்னால் மாணவர்கள். கடைசி பெஞ்சில் ஆசிரியர். கூடவே குறிப்பெடுக்கப் போயிருந்த மாப்பிள்ளை வாசலில் நின்றார்.

"சார், உங்களுக்கு இந்தக் கணக்குத் தெரியுமா?" என்று அதிகாரி கேட்டார்.

விசில் சார் எழுந்து நின்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "தெரியாதுங்க மேடம்."

"நிஜமாவே தெரியாதா, இல்ல தெரியாத மாதிரி இருக்கீங்களா?"

"சத்தியமா தெரியாதுங்க. வேணும்னா பிள்ளைங்களைக் கேளுங்க."

பிள்ளைகள் ஒருமுகமாகச் சாட்சி சொன்னார்கள். அதிகாரி அம்மாவின் கண் கலங்கிவிட்டது. கருத்தரங்கில் படத்தில் காட்டியதை இங்கே உயிரோடு பார்க்கிறேன் என்றார். விசில் சார் இரண்டு கையாலும் விசிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேலை போய்விட்டது என்றே நினைத்தாராம்.

அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. "தெரியாமை வழிக் கற்பித்தல்" என்று அதற்குப் பெயர். இரண்டு மாதத்தில் அது மாவட்டத்தின் பேச்சாகிவிட்டது. ஆசிரியர்களைத் தங்களுக்குத் தெரிந்த பாடத்திலிருந்து தெரியாத பாடத்துக்கு மாற்றினார்கள். பாட்டு டீச்சர் வேதியியலுக்குப் போனார். ஆய்வகத்துத் திரைச்சீலை எரிந்துபோயிற்று. வரலாற்று ஆசிரியர் தையலுக்கு. தையல் டீச்சர் வரலாற்றுக்கு. அவர் அரசர்களை உடையை வைத்தே அடையாளம் சொன்னதாகவும், அதில் பெரும்பாலும் தப்பில்லை என்றும் மாப்பிள்ளை சொல்வார். சட்டையில் குத்திக்கொள்ள "எனக்குத் தெரியாது" என்று எழுதிய வட்ட வில்லை கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போன ஆசிரியர்களுக்கு ஒரு தனி மரியாதை கிடைத்தது.

பெற்றோர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள், உங்க ஸ்கூல்ல எத்தனை டீச்சருக்குத் தெரியாது என்று முதல் கேள்வியாகக் கேட்டார்கள். தனியார் பள்ளி ஒன்று, முற்றிலும் தெரியாத ஆசிரியர்களைக் கொண்டு நடத்தப்படுவது என்று பலகை வைத்தது. எதிர்ப் பள்ளி சும்மா இருக்குமா, தங்கள் முதல்வருக்கும் தெரியாது என்று அதைவிடப் பெரிய பலகை வைத்தது.

இந்த இடத்தில் கதை சிரிப்பாக இருக்கிறது. கணக்கு டீச்சருக்கு அப்படி இல்லை. தலைமையாசிரியர் மறுபடி அறைக்குக் கூப்பிட்டார். மறுபடி கதவைச் சாத்தினார்.

"முன்னே உங்களுக்குத் தகுதி இல்லாததுக்குக் காரணம் உங்க டிகிரி, டீச்சர்."

"இப்ப?"

"இப்ப காரணம் கணக்கு. உங்களுக்குக் கணக்கு வரும்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. நான் எப்படி மறைக்கிறது?"

வகுப்பை நிரந்தரமாக விசில் சாரிடம் கொடுத்துவிட்டார்கள். டீச்சருக்கு நூலக அறை. அங்கே புத்தகங்களுக்கு எண் ஒட்டுகிற வேலை. பிள்ளைகள் இடைவேளையில் புத்தகம் எடுக்கிற சாக்கில் வந்து ஜன்னலோரம் நின்று சந்தேகம் கேட்பார்கள். முதல் மாதம் விசில் சாருக்கு விளக்குவது அவர்களுக்கு விளையாட்டாக இருந்தது. தெரிந்த பாடம் தீர்ந்து புதுப் பாடம் வந்ததும் விளக்க யாருக்கும் ஒன்றும் இல்லை. எல்லோரும் சேர்ந்து புரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அது முறையின் அடுத்த கட்டம் என்று அதிகாரி அம்மா எழுதினார். விசில் சார் ஒரு நாள் நூலகத்துக்கு வந்து, "டீச்சர், என்னைக் காப்பாத்துங்க, பிள்ளைங்க மூஞ்சியைப் பார்க்க முடியலை" என்று சொல்லிவிட்டுப் போனார். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

எந்த நல்ல காரியத்துக்கும் ஒரு கட்டத்தில் உரிமம் தேவைப்பட்டுவிடுகிறது. தெரியாத ஆசிரியர்களுக்கு மதிப்புக் கூடியதும், தெரிந்த சிலர் தெரியாது என்று வில்லையை மாட்டிக்கொண்டு திரிவதாகப் புகார் வந்தது. போலிகளை ஒழிப்பது எப்படி என்று மாவட்ட அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். ஒரு பரீட்சை வைத்து, தேறியவர்களுக்கு மட்டும் உரிமம் கொடுப்பது என்று முடிவாயிற்று. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடை கொடுக்கப்பட்டிருக்கும். ஒன்றைக் குறிக்க வேண்டும். ஒரு கேள்வியையும் விடக் கூடாது. விட்டால் இயந்திரம் தாளைத் துப்பிவிடும். தேர்ச்சி மதிப்பெண் எவ்வளவு என்பதில்தான் பேச்சு நின்றது. அதிகாரி அம்மா மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"கண்காணிப்பாளர் சார், ஒண்ணுமே தெரியாத ஒருத்தர் எவ்வளவு மார்க் வாங்குவார்?"

"பூஜ்யம், மேடம்."

"அவ்வளவுதானே?"

"அதுக்குக் கீழ போக முடியாது, மேடம்."

கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். இதில் விவாதத்துக்கு இடமில்லை என்று பதிவாயிற்று. பூஜ்யம் வாங்கினால் தேர்ச்சி. ஒரே ஒரு மதிப்பெண் வாங்கினாலும் அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. அவர் வகுப்பறைக்கு ஆபத்தானவர்.

கணக்கு டீச்சர் விண்ணப்பம் போட்டார். உங்களுக்கு எதுக்கு டீச்சர் இந்த வீண் வேலை, தமாஷ் பண்றீங்களா என்று தலைமையாசிரியர் கேட்டதற்கு, எழுதிப் பார்க்கிறேன் சார், என் பிள்ளைகளுக்குப் பரீட்சை வருகிறது என்று மட்டும் சொன்னார்.

பரீட்சை ஒரு பெரிய கூடத்தில் நடந்தது. மாப்பிள்ளை நடுவில் நடந்து மேற்பார்வை பார்த்தார். விசில் சார் தாளை வாங்கி மேசைமேல் வைத்தார், ஒரு தடவை அண்ணாந்து கூரையைப் பார்த்தார், பிறகு மேலிருந்து கீழ்வரை எல்லாக் கேள்விக்கும் இரண்டாவது விடையையே குறித்தார். அவருக்கு இரண்டாம் எண் ராசியாம். முடித்துவிட்டு, வெளியே மைதானம் தெரிகிறதா என்று ஜன்னலை எட்டிப் பார்த்தார். அவருக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த கணக்கு டீச்சர் கடைசி மணி வரை தலை தூக்கவில்லை. ஒவ்வொரு கணக்கையும் ஓரத்தில் போட்டார். விடை கண்டுபிடித்தார். சரிபார்த்தார். அதற்குப் பிறகு அந்த விடையைத் தவிர்த்து வேறொன்றைக் குறித்தார். ஒரு கேள்வியில் அச்சுப்பிழையால் இரண்டு விடைகள் சரியாக இருந்தன. இரண்டையும் தவிர்த்தார். மாப்பிள்ளை அவர் பின்னால் நெடுநேரம் நின்று பார்த்தாராம். வாழ்க்கையில் இவ்வளவு கவனமாகப் பரீட்சை எழுதுகிற ஒருவரைப் பார்த்ததில்லை என்பார்.

முடிவு வந்தது. மாவட்டம் முழுவதிலும் பூஜ்யம் வாங்கியவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். தங்கள் பாடத்தைக் கரைத்துக் குடித்தவர்கள், அதில் ஒருவர் பாக்கி இல்லை. மற்றவர்கள் எல்லோரும் தோல்வி. அரைகுறையாகத் தெரிந்தவர்களின் நிலைமைதான் பரிதாபம். தப்பு என்று நம்பி அவர்கள் குறித்தது சரியாகப் போய்விட்டது. ஒன்றுமே தெரியாதவர்களுக்கோ, கண்ணை மூடிக்கொண்டு குறித்ததில் நாலில் ஒரு பங்கு தானாக வந்து விழுந்துவிட்டது.

விசில் சார் அலுவலகத்துக்கு ஓடி வந்தார்.

"சார், ஏதோ தப்பு நடந்திருக்கு. எனக்குக் கணக்குத் தெரியும்னு வந்திருக்கு."

"மார்க் வந்திருக்கே சார்," என்றார் மாப்பிள்ளை.

"எல்லாத்துக்கும் ரெண்டாவதைப் போட்டேன். படிக்கவே இல்லை."

"படிக்காமலே இத்தனை சரியாப் போட்டிருக்கீங்கன்னா, படிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? யோசிச்சுப் பாருங்க."

விசில் சார் யோசித்துப் பார்த்தார். இவ்வளவு நாள் தன்னைத் தானே தாழ்வாக நினைத்துவிட்டோமோ என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது. போகும்போது நிமிர்ந்து நடந்தார் என்று மாப்பிள்ளை சொல்வார்.

கணக்கு டீச்சருக்கு உரிமம் கிடைத்தது. மேற்படியாருக்குக் கணிதத்தில் யாதொன்றும் தெரியாது என்று இதன் மூலம் சான்றளிக்கப்படுகிறது என்று அதில் இருந்தது. அதிகாரி அம்மாவே கையெழுத்துப் போட்டு, கைகுலுக்கி, ஊருக்கு நீங்கள் ஒரு முன்மாதிரி என்றார். டீச்சர் அன்று மத்தியானமே வகுப்புக்குப் போய்விட்டார். விளக்கிச் சொன்னால் உரிமம் ரத்தாகும் என்பதால், கரும்பலகையில் தப்பாக ஒரு வரி எழுதிவிட்டு, இது சரிதானா, எனக்குத் தெரியலையே என்று நின்றார். பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். கணக்கைப் பார்த்தார்கள். இல்லை டீச்சர், இப்படி இருக்கணும் என்று ஒருத்தி எழுந்து வந்து திருத்தினாள். அடுத்த வரியை இன்னும் கொஞ்சம் சூட்சுமமாகத் தப்பு செய்தார். அந்தப் பிள்ளைகள் பரீட்சை வரை ஒரு வார்த்தை வெளியே விடவில்லை. எங்க டீச்சருக்கு ஒண்ணுமே தெரியாது என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். வகுப்பு முழுக்கத் தேறியது. வெற்றி தெரியாமை வழிக் கற்பித்தலுக்கு எழுதப்பட்டது.

பாக்கி இருந்தது, தோற்றவர்களை என்ன செய்வது என்பது. அவர்கள் அறிவுடையோர் என்று பரீட்சையிலேயே நிரூபணமாகிவிட்டது. அவர்களை வகுப்பறையில் விட முடியாது. வேலையை விட்டு அனுப்பவும் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அறிவுடையோருக்கு ஏற்ற இடம் அலுவலகம் என்று மாவட்டம் தீர்மானித்தது. எல்லோரையும் மேலே கொண்டுவந்து, திட்டம் தீட்டவும் விதி எழுதவும் உட்கார வைத்தார்கள். அதிக மதிப்பெண்ணுக்கு உயர்ந்த நாற்காலி. விசில் சார் கணித வல்லுநர் குழுவின் தலைவரானார். இந்த ஏற்பாடு நன்றாக வேலை செய்வதைப் பார்த்து, குடிநீர், சாலை, மின்சாரம் என்று மற்றத் துறைகளிலும் அதே முறையில் ஆள் எடுத்தார்கள் என்று மாப்பிள்ளை சொல்லி, துண்டை மடித்து நாற்காலியில் போடுவார். கதை அத்துடன் முடியும்.

இதைக் கேட்ட பிறகு எந்த அலுவலகத்திலும் நான் கோபப்படுவதில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சொல்வது புரியாவிட்டால், அறிவுடையோர் சொல்வது எனக்கு எங்கே புரியப்போகிறது என்று பணிவாகத் திரும்பிவிடுகிறேன். ஆனால் பூஜ்யம் என்னை விடவில்லை. ஒரு நாள், யாருமில்லாத நேரம், பக்கத்து வீட்டுப் பெண்ணின் பழைய வினாத்தாள் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் தப்பாகவே விடை குறிக்க முயன்றேன். பூஜ்யம் வரவில்லை. எவ்வளவு வந்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அன்றிரவு என் மனைவி, ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க என்று கேட்டாள். ஒன்றுமில்லை, நான் ஒரு வல்லுநர் என்று தெரிந்துபோய்விட்டது என்றேன்.

போன மாதம் தங்கை குடும்பம் வந்திருந்தது. மாப்பிள்ளை சாப்பிட்டு, கை கழுவி, துண்டை எடுத்தார். சொல்லி முடிக்கும் வரை நான் குறுக்கிடவில்லை. அதிகாரி அம்மாவின் பை இந்தத் தடவை மஞ்சள். துண்டை மடிக்கும்போது மெதுவாகக் கேட்டேன்.

"பூஜ்யம் வாங்கணும்னா எல்லாமே தெரிஞ்சிருக்கணுமே மாப்பிள்ளை. அன்னிக்குக் கூட்டத்துல அது யாருக்குமே தோணலையா?"

"கூட்டத்துல என்ன தோணும் மச்சான். எப்ப டீ வரும்னு தோணும்."

"உங்களுக்கும் தோணலையா?"

அவர் துண்டைப் பிரித்து மறுபடி மடித்தார். உள்ளே தங்கை, இவருக்கு அந்தக் கதையைச் சொல்லலைன்னா சாப்பாடு செரிக்காது அண்ணி என்று என் மனைவியிடம் சொல்லிச் சிரிப்பது கேட்டது. மாப்பிள்ளை இதுவரை எந்தத் தடவையும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். வேறு யாரையோ பற்றிச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"அதுக்கப்புறம் அலுவலகத்துல இருக்கிற நாங்களும் எழுதணும்னு ஆணை வந்துச்சு. பிரிவுல அத்தனை பேரும் எழுதினோம்."

நான் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடமும் அவர் அதே நாற்காலியில்தான் இருக்கிறார்; மேலேயும் போகவில்லை, வகுப்பறைக்கும் போகவில்லை. ஒருவேளை இவர் ஒன்றும் தெரியாமல் அந்தக் கூட்டத்தில் பூஜ்யம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கலாம். அப்படியானால் ஒரு வகுப்புப் பிள்ளைகள் பிழைத்தது வெறும் அதிர்ஷ்டம். அல்லது எல்லாம் தெரிந்தே சொல்லியிருக்கலாம். தெரிந்தவர் என்றால், மற்ற வகுப்புகள் எல்லாம் புரியாமல் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவரும் அதே தெரிந்தவர்தான். இரண்டில் எது என்று அறிந்தால் எனக்கு நிம்மதியா என்பதும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கேட்டேன்.

"நீங்க எவ்வளவு வாங்கினீங்க, மாப்பிள்ளை?"